குளத்தில் கிடைத்த அச்சு: பார்த்துச் சொல்லுங்கள்

பழம்பொருள்களைப் பார்த்து அடையாளம் சொல்லும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் கடைமடைக் கிராமத்துக் குளத்தைத் தூர் வாரும்போது கிடைத்த, உருவம் பதிக்கிற உலோக அச்சு பற்றி உங்களுக்குத் தெரியும். அது என்ன பொருள் என்று தெரிந்தவரை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என மனு கொடுத்தாயிற்று, படங்கள் அனுப்பியாயிற்று. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. கடைசியாக வந்த பதில்தான் என்னை எல்லோரும் படிக்கும்படி எழுத வைத்தது. ‘மேற்படி பொருள் பழைய பித்தளைப் பொருள் எனப் பதிவு செய்யப்பட்டுப் பாதுகாப்பில் உள்ளது.’ அவ்வளவுதான் பதில்.

பித்தளை என்று யார் பார்த்துச் சொன்னார்கள்? பழையது என்றால் எவ்வளவு பழையது? பார்த்தவர் யாராவது இருந்தால் அவர் பெயரும் கையெழுத்தும் அந்தக் கடிதத்தில் இருந்திருக்கும்.

அது உங்கள் பாதுகாப்புப் பெட்டிக்குள் போகும் முன் நான் கையில் வைத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். முகப்பு ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்று அகலம். அதில் குழிவாக வெட்டிய ஓர் உருவம், நிற்கிற ஆள் மாதிரி. சுற்றிலும் எழுத்து, அதில் பாதி பச்சைக் களிம்புக்குள் கிடந்தது. செல்போனில் படம் எடுத்து இடவலமாகத் திருப்பினால் ஓரிடத்தில் நாகரி (வடமொழி எழுதுகிற எழுத்து) ‘ஸ்ரீ’ போலத் தெரிந்தது. மறுமுனை அடிவாங்கிய உளியின் தலை மாதிரி விரிந்து ஓரம் மடங்கியிருந்தது.

அந்த விரிந்த தலைதான் என்னைத் தூங்க விடவில்லை. அரக்கில் பதிக்கிற முத்திரையைக் கையால் அழுத்தினால் போதும், சுத்தியல் வேண்டாம். இது நிறைய அடி வாங்கியிருக்கிறது. அப்படியென்றால் காசு அடித்த அச்சாக இருக்கலாம். நகை செய்கிற ஆசாரிகளும் குழி அச்சில் தகட்டை வைத்து அடிப்பார்கள், தஞ்சாவூர்க் கலைத்தட்டுக்கும் அப்படித்தான் உருவம் எடுக்கிறார்கள். ஆனால் நகை அச்சில் சுற்றி எழுத்து எதற்கு? களத்தில் நெல் அம்பாரத்துக்குக் குறி போட்ட முத்திரையோ என்று ஒரு பெரியவர் கேட்டார். அதற்கு இது மிகச் சிறியது. எழுத்தை வைத்துக் காலம் சொல்வதும் எங்களால் ஆகாது. ராஜராஜன் காசிலும் நாகரி எழுத்து உண்டு, பெரிய கோயிலில் மராட்டியர் 1803-இல் வெட்டிய கல்வெட்டும் நாகரிதான். நடுவில் எண்ணூறு ஆண்டு கிடக்கிறது. இதெல்லாம் நாங்கள் ஊகிக்க வேண்டிய விஷயமே இல்லை. நாணயமும் எழுத்தும் தெரிந்த ஒருவர் லென்ஸோடு உட்கார்ந்தால் முதல் பார்வையிலேயே பாதி தெளிந்துவிடும். அந்த ஒருவரைத்தான் கேட்கிறோம்.

இதைக் கண்டெடுத்த அக்கா நூறு நாள் வேலைக்கு வந்தவர். மண்வெட்டியில் ‘ணங்’ என்று பட்டதும் எடுத்துக் கழுவி, அங்கேயே எல்லார் முன்னாலும் மேற்பார்வையாளர் கையில் கொடுத்தார். இன்று ஊரில் பேச்சு வேறு. கிடைத்தது தங்கம், அதை மறைத்துவிட்டுப் பித்தளையைக் கொடுத்துவிட்டார் என்கிறார்கள். உங்கள் கடிதத்தில் ‘பித்தளை’ என்று வந்ததும் அந்தப் பேச்சு இன்னும் பலமாகிவிட்டது. ரேஷன் கடை வரிசையில் நின்றால் காதில் விழும்படி கேட்கிறார்கள். மகள் கல்யாணத்துக்குச் சீட்டு எடுத்த பணத்துக்குக்கூடக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. விசாரணை என்று அவர் வீட்டுக்கு ஆள் வந்து போனார்கள். அச்சைப் பார்க்க மட்டும் ஒருவரும் வரவில்லை. இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

மண்ணுக்குள் இருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் சிறை என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். சரி, சட்டம் கேட்டதை அக்கா செய்துவிட்டார். இதே அச்சை அவர் மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தால் பழைய சாமான் வாங்குகிறவர்கள் வீடு தேடி வந்திருப்பார்கள். நேர்மையாக நடந்தவருக்குக் கிடைத்தது அவப்பெயர். இதைப் பார்த்துவிட்டு அடுத்த குளத்தில் எதையாவது கண்டெடுப்பவர் என்ன செய்வார்?

காவிரிக் கரையில் இது பெரிய கேள்வி. 2010-இல் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் கழுக்காணிமுட்டம் கோயிலில் தோண்டியபோது 85 ஏடுகள் கொண்ட சோழர் செப்பேட்டுத் தொகுதி வெளியே வந்தது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள், ராஜேந்திரன் முத்திரை வளையத்தோடு, டச்சுக்காரர் வழியாக நெதர்லாந்தின் லெய்டன் நகர் வரை போயின. அங்கே அவற்றை எழுத்தெழுத்தாகப் படிக்க ஆள் இருந்தார்கள். எங்கள் ஊர்ப் பொருளைப் படிக்க இங்கே ஆள் இல்லையா? இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற கல்வெட்டறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஆள் பற்றாக்குறை, வேலைப் பளு எல்லாம் இருக்கும். ஆனால் எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் தாமிரம் கலந்த பொருள் தகரப் பெட்டிக்குள் சும்மா இருக்காது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் களிம்பு உள்ளே அரித்துக்கொண்டே போகும், எழுத்தும் கூடவே போகும். ஒப்படைத்த அன்றைக்கே ஒருவர் புளி போட்டுத் துலக்கலாம் என்றார். தயவுசெய்து யாரும் துலக்கிவிடாமல், ஈரம் படாமல் வையுங்கள்.

அப்புறம், எங்கள் கோரிக்கை பழையதுதான். தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். அது காசு அச்சா, முத்திரையா, நகை அச்சா, எந்த உலோகம், ஏறத்தாழ எந்தக் காலம் என்று எழுத்தில் சொல்லுங்கள். உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். குளத்தில் கிடைத்ததும் உங்களிடம் இருப்பதும் ஒரே பொருள்தான் என்பதை முதல்நாள் படங்களோடு ஒப்பிட்டு அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள். அந்தக் கடிதத்தை அலுவலகத்துக்கு அலுவலகம் சுற்ற விடாமல், கண்டெடுத்த அக்காவின் பெயருக்கே நேராக அனுப்புங்கள். முகவரி எங்கள் முதல் மனுவில் இருக்கிறது.

நன்றியுடன்,
கடைமடை விவசாயி ஒருவன்