தேடும் கோடுகளை அழிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனித உருவம் வரையும்போது தவறான கோட்டை உடனே அழித்துவிட வேண்டும், தாளில் ஒரே சுத்தமான கோடுதான் இருக்க வேண்டும் என்று சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். செந்தூலில் பிள்ளைகளுக்குப் பென்சில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள் நான். இதை ஏற்க முடியவில்லை.

எதிரே உட்கார்ந்திருப்பவரின் தோளை வரைகிறோம். முதல் கோடு ஓர் ஊகம்தான், சரியான இடத்தைத் தேடும் கோடு. அது தாளில் இருந்தால்தான் அடுத்ததை அதற்கு மேலே போடுவதா, கீழே போடுவதா என்று கண் முடிவுசெய்யும். அழித்துவிட்டால் பிள்ளை மறுபடியும் அதே இடத்தில் அதே தவறான கோட்டைத்தான் போடும். வகுப்பில் ஓயாமல் பார்க்கிறேன். எல்ஆர்டி ரயில் நிலையத்தில் காத்திருப்பவர்களை வரையச் சொன்னால் இன்னும் நன்றாகத் தெரியும். ஆள் அசைந்துகொண்டே இருப்பார். ரப்பரைத் தேடி எடுப்பதற்குள் அவர் கை வேறு பக்கம் போயிருக்கும்.

நவீன ஓவியர்கள் இந்தத் தேடலை மறைக்கவில்லை. பிரெஞ்சு ஓவியர் செசானின் பென்சில் உருவங்களில் ஒரே முதுகுக்கு இரண்டு மூன்று விளிம்புக் கோடுகள் விட்டுவிட்டு ஓடும். சுவிஸ் சிற்பியும் ஓவியருமான ஜியாகொமெட்டி (1901–1966) மூக்கையும் கண்குழியையும் சுற்றிச் சுற்றிக் கோடு போட்டார். ரப்பரும் அவர் கையில் இருந்தது. கோடுகளுக்குக் குறுக்கே அதை இழுத்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். அந்தப் படங்களில் எந்தக் கோடும் தனியாகச் சரி கிடையாது. எல்லாம் சேர்ந்துதான் ஆள் தெரிகிறார். எனக்கு அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் சிலிர்க்கும்.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் ஒற்றைக் கோட்டில் வரையவில்லையா என்று கேட்கலாம். வரைந்தார். கரித்துண்டில் பல முறை வரைந்து ஆராய்ந்த பிறகுதான் அந்தப் பேனாக் கோடுகள் வந்தன என்று 1939இல் அவரே எழுதியிருக்கிறார். பத்து வயதுப் பிள்ளையிடம் அதை முதல் நாளே கேட்பது நியாயமா?

பயந்து பயந்து ஒரே இடத்தில் சின்னச் சின்னதாகக் கீறுவது தேடல் ஆகாது, அதை நானும் திருத்துவேன். தோளிலிருந்து முழங்கை வரை நீளமாக, அழுத்தாமல், மென்மையான 2பி பென்சிலில் போட்டுப் பார்க்கும் கோட்டைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். மாணவர் ஓவியங்களை அச்சிடும்போது பின்னணியை வெளுக்க வைப்பதால் மெல்லிய கோடுகள் காணாமல் போய், கடைசியாக அழுத்திப் போட்டது மட்டும் மிஞ்சுகிறது. தாள் கொஞ்சம் சாம்பலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, அந்தக் கோடுகளோடு போடுங்கள். உங்கள் ஓவியப் போட்டி விதிகளில் உள்ள 'அழித்த தடம் இருக்கக்கூடாது' என்ற வரியையும் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓவிய ஆசிரியை,
செந்தூல், கோலாலம்பூர்