எல்மைரா போகும் முன் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

கண்ணுக்குத் தெரியாத ஒரு குரல் தங்களுக்குள் பேசியதாகச் சொன்னவர்களைப் பற்றி நீ அனுப்பிய ஆடியோ எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டேன். பழைய பழக்கம் விடுமா, நோட்டும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். வாட்ஸப்பில் நாலு வரி போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் நாலு வரியில் அடங்குகிற விஷயமாக இல்லை, அதுவும் போன வாரம் நீ உன் அம்மாவிடம் சொன்னதற்கு அப்புறம்.

அதற்கு வருகிறேன். முதலில் எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிழவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்பாய்.

ஜேன் ராபர்ட்ஸை மோசடிக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து எல்மைரா மாதிரி ஒரு சின்ன ஊரில் கவிதையும் கதையும் எழுதிக்கொண்டிருந்தவர். 1963 செப்டம்பரில் ஒரு சாயங்காலம் கவிதை எழுத உட்கார்ந்தபோது, மண்டைக்குள் யாரோ கொட்டிக் கவிழ்த்தது மாதிரி எண்ணங்கள் வந்து பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். அந்த வருஷக் கடைசியில் புருஷனும் பெண்டாட்டியுமாக ஓயிஜா போர்டு, அதாவது ஆவியோடு பேச வைக்கிற எழுத்துப் பலகை, வைத்துச் சோதித்துப் பார்த்ததில் 'சேத்' என்று பேர் சொல்லிக்கொண்டு உடம்பில்லாத ஒருவர் வந்தார். கொஞ்ச நாளில் பலகையே வேண்டியிருக்கவில்லை, சேத் ஜேன் வாயாலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு ஜேனைவிட அவர் கணவர் ராபர்ட் பட்ஸ் மேல்தான் மனசு போயிற்று. மனுஷன் ஓவியர். திங்களும் புதனும் ராத்திரி ஒன்பது மணிக்கு மனைவி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குரல் மாறிப் பேசத் தொடங்கியதும், இவர் நோட்டோடு உட்கார்ந்து சுருக்கெழுத்தில் எழுதுவார். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்த வார்த்தைக்கு முன்னால் நிறுத்தம், எல்லாவற்றுக்கும் குறிப்பு வைப்பார். அப்புறம் உட்கார்ந்து தட்டச்சு. இப்படியே இருபது வருஷம்! அந்தக் காகிதங்கள் இப்போது யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. கோர்ட்டில் 31 வருஷம் ஸ்டெனோவாகக் காலம் தள்ளியவனுக்கு அது என்ன மாதிரி வேலை என்று தெரியும்.

நீ இரண்டாவதாக அனுப்பிய 'எ கோர்ஸ் இன் மிராக்கிள்ஸ்' புத்தகக் கதையிலும் சுருக்கெழுத்துதான். ஹெலன் ஷுக்மன், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மனோதத்துவப் பேராசிரியை, 1965இல் உள்ளே கேட்ட குரலைத் தானே சுருக்கெழுத்தில் எடுத்து, அப்புறம் உடன் வேலை பார்த்த பில் தெட்ஃபோர்டுக்கு வாசித்துக் காட்ட, அவர் டைப் அடித்திருக்கிறார். ஏழு வருஷம் நடந்திருக்கிறது. நாம் பார்க்கிற உலகம் வெறும் கனவு என்கிறது அந்தக் குரல். நம்ம ஊர்ப் பெரியவர்களிடம் அதைச் சொல்லிப் பார், 'மாயைதானே, தெரியுமே' என்று காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

இந்தப் பேச்செல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், என் தொழிலில் பார்த்ததைத்தான் சொல்ல முடியும். நீதிபதி வேகமாகத் தீர்ப்புச் சொல்லும்போது கை தனியாக ஓடிக்கொண்டிருக்கும், மனசு பால் கார்டு எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கும். அப்புறம் டைப் அடிக்க உட்கார்ந்து அந்தக் கோட்டையும் புள்ளியையும் படித்தால், இதையெல்லாம் நானா எழுதினேன் என்று இருக்கும். ஒரே நீதிபதியிடம் ஆறேழு வருஷம் இருந்ததில் அவர் வாக்கியத்தைத் தொடங்கும்போதே என் கை முடித்துவிடும், அவர் மாற்றிச் சொல்லிவிட்டால் அடித்துத் திருத்த வேண்டும். அந்த அடித்த வரிகளைச் சொன்னது யார்? அவர் சொல்லவில்லை, நானும் யோசித்து எழுதவில்லை. அதனால் சேத் வேறு லோகத்து ஆசாமியா, ஜேனுக்குள்ளேயே இருந்த இன்னொரு ஜேனா என்ற சண்டையில் எனக்கு ருசி இல்லை. ஜேனுக்கே அந்தச் சந்தேகம் இருந்துகொண்டுதான் இருந்தது.

நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிறது, பிறவிகளும் அப்படித்தான், வரிசையாக வருவதில்லை என்கிறாரே சேத், அதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படியானால் உன் அப்பத்தா இப்போதும் எங்கேயோ அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறாள். நினைக்க நன்றாகத்தான் இருந்தது.

சரி, அம்மா விஷயம். 'உன் நிஜத்தை நீயேதான் உருவாக்குகிறாய்' என்கிற சேத்தின் பாடத்தை அப்படியே எடுத்து, மூட்டு வீக்கத்துக்கு உன் எண்ணம்தான் மூலம், எண்ணத்தை மாற்று என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். உன்னிடம் 'சரிம்மா' என்று போனை வைத்துவிட்டாள். ராத்திரி லைட்டை அணைத்த பிறகு கேட்கிறாள், "நான் அப்படி என்னங்க தப்பா நினைச்சுட்டேன்?" அதோடு நிற்கவில்லை. உன் அண்ணன் பிறக்கும் முன்னால் கலைந்ததற்கு அழுதது, என் தங்கச்சியோடு பேசாமல் இருந்த மூன்று வருஷம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, இதுவா அதுவா என்று என்னிடம் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

ஜேனுடைய அம்மாவுக்கும் இதே முடக்குவாதம்தான் தெரியுமா? ஜேன் சிறுமியாக இருந்தபோதே அந்த அம்மாள் படுத்த படுக்கை, பார்த்துக்கொண்டது இந்தப் பெண்தான். பிறகு அதே நோய் ஜேனுக்கும் வந்தது. நடை போனது. சேத் எத்தனையோ அமர்வுகளில் ஜேனின் உடம்பைப் பற்றியும் அவருடைய நம்பிக்கைகளைப் பற்றியும் பேசியிருக்கிறார், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோதும் உடல்நலத்தைப் பற்றிப் பேச, பட்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். 1984 செப்டம்பர் 5ஆம் தேதி ஜேன் இறந்துபோனார், 55 வயசு. குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை பாப்பா. அந்தக் குரலுக்கு அவரைவிடப் பக்கத்தில் யாரும் இருந்ததில்லை, அவருக்கே அந்தப் பாடம் விரலை நீட்டித் தரவில்லை. விளக்கை அணைத்த பிறகு அவரும் புருஷனிடம் உன் அம்மா கேட்டதைக் கேட்டிருப்பாரோ என்று எனக்கு ஒரு நினைப்பு.

நம்ம ஊர்க் கோடாங்கியை உனக்கு ஞாபகம் இருக்காது. உடுக்கையை அடித்துக் குறி சொல்வார், நான் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். 'குலசாமிக்குப் பொங்கல் வைக்கலையே தாயி' என்பார், மேற்கே போனபோது கண்ணு பட்டது என்பார். பொய்யோ மெய்யோ, கோளாறு வெளியில் எங்கேயோ இருக்கும், ஒரு சேவலிலோ ஒரு படி அரிசியிலோ கணக்கு முடிந்துவிடும், அப்பத்தா லேசாக வீட்டுக்கு நடப்பாள். உன் சேத்தோ வெளியில் இருப்பதெல்லாம் உள்ளே இருந்து வந்ததுதான் என்கிறார். அப்புறம் பாரத்தை எங்கே இறக்கி வைப்பது? நல்லா இருக்கிறவனுக்கு அது தெம்பு தரலாம், நீ வேலை மாறியபோது உனக்குத் தந்தது, நானே பார்த்தேன். வலியில் இருக்கிறவளிடம் அடுத்தவர் சொன்னால் அது குற்றப்பத்திரிகை மாதிரி ஆகிவிடுகிறது. உனக்கு நீயே சொல்லிக்கொள், நான் குறுக்கே வர மாட்டேன்.

அம்மாவுக்குச் சனிக்கிழமைதான் முடக்குவாத மருந்து மெத்தோட்ரெக்சேட், வாரத்துக்கு ஒரு தடவை. ஞாயிறு முழுக்கச் சோர்ந்து கிடப்பாள், அதனால் திங்கள்கிழமை கூப்பிடு. விளக்கமெல்லாம் வேண்டாம். வலது கை நடுவிரல் எப்படி இருக்கிறது என்று கேள். நேற்று அவளே சப்பாத்திக்கு மாவு பிசைந்தாள், அதைச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

எல்மைரா போனால் அவர்கள் இருந்த வீட்டைப் படம் எடுத்து அனுப்பு. மார்க் ட்வைன் சமாதியும் அந்த ஊரில்தான், நேரமிருந்தால் அதையும் பார். எனக்கு பட்ஸ் உட்கார்ந்து எழுதிய அறையின் ஜன்னல் எது என்று தெரிந்தால் போதும்.

அப்பா