சுந்தரத்துக்கு, முன்பக்கத்துச் சத்தம் பற்றி

மதுரை

அன்புள்ள சுந்தரம்,

இங்கே எல்லோரும் நலம். ஐந்து மாதமாகக் கடிதம் எழுதாததற்கு நீ திட்டப்போவதையெல்லாம் நேரில் வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். உன் யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார்சைக்கிளின் முன்பக்கத்தில் ‘டொக் டொக்’ என்று சத்தம் வருகிறதென்றும், முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க்கையே முழுதாக மாற்றிவிட வேண்டும் என்று உங்கள் ஊர் மெக்கானிக் சொல்லிவிட்டாரென்றும் தங்கை கமலா தொலைபேசியில் சொன்னாள். அதே சத்தத்தோடு நான் ஐந்து மாதம் குடித்தனம் நடத்திவிட்டு, போன வாரம்தான் மீண்டேன். அதில் பாதிக்குமேல் குற்றம் என்னுடையது. அதை உனக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது; ஆனாலும் நீ பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மாற்றாதே. 1996-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்ட வண்டிக்கு முழு ஃபோர்க் எங்கிருந்து வரும்? போலியாக வரும், அல்லது செத்துப்போன இன்னொரு வண்டியிலிருந்து கழற்றியதாக வரும். அதற்குள்ளும் இதே நோய் இருக்காது என்று யார் சொல்ல முடியும்?

எனக்கு இது வைகைப் பாலத்தில் தொடங்கியது. பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு ‘டொக்’. முதலில் மட்கார்டின் போல்ட்டைச் சந்தேகித்தேன். பிறகு நம்பர் பிளேட்டை, பிறகு ஹெட்லைட்டைத் தாங்கும் ரப்பரை. ஹார்னைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். சத்தம் போகவில்லை, வழியெல்லாம் நானே வாயால் கத்திக்கொண்டு போனதுதான் மிச்சம். இந்தச் சந்தேகங்களை முட்டாள்தனம் என்று நீ சிரித்துவிட முடியாது. ஃபோர்க்கின் குழாய்கள் உள்ளே கூடானவை. ஆக்சிலில் எழும் சத்தமும் மட்கார்டில் எழும் சத்தமும் அவற்றின் வழியாக ஏறி, ஹேண்டில்பாருக்கு வரும்போது ஒரே இடத்துச் சத்தமாகிவிடுகின்றன. ஓட்டுபவன் காதை நம்பி எதையும் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியில் நம் பழைய மெக்கானிக் பாயிடம்தான் போனேன். அவர் இப்போது ஸ்பேனர் பிடிப்பதில்லை. கடையின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு மகனை அதட்டுவதோடு சரி. சத்தம் எங்கே வருகிறது என்று அவர் கேட்கவேயில்லை; எப்போது வருகிறது என்றுதான் கேட்டார். பிரேக் பிடிக்கும்போதா, வேகத்தடையில் இறங்கும்போதா, நின்ற நிலையில் ஹேண்டிலைத் திருப்பும்போதா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்று பதில் சொன்னதும், என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு அவர் செய்யச் சொன்னதை நீயும் செய்து பார். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ‘டக்’ என்று கேட்கும். இது எல்லா மெக்கானிக்கும் செய்வது, ஆனால் இதோடு நிறுத்துவதுதான் தவறு. ஏனென்றால் பிரேக் பிளேட்டின் பள்ளம் ஃபோர்க்கின் புடைப்பில் தளர்ந்து உட்கார்ந்திருந்தாலும் இதே ‘டக்’ கேட்கும். ஆகவே பிரேக்கை விட்டுவிட்டு, முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்போது சத்தம் நின்றுவிட்டால் சந்தேகம் பிரேக் பக்கம் போக வேண்டும். அப்போதும் வந்தால் மேலே தேடு. நீ தள்ளும்போது வேறொருவர் ஹேண்டிலுக்குக் கீழே, ஃபிரேமும் ஃபோர்க்கும் சேரும் இடுக்கில் விரலை வைத்துக்கொள்ள வேண்டும். என் பேரன் விரல் வைத்தான். “தாத்தா, உள்ளே ஏதோ குதிக்குது” என்றான். என் காதுக்கு ஐந்து மாதமாக எட்டாதது அவன் விரலுக்கு ஐந்து விநாடியில் எட்டிவிட்டது.

கோன் செட் போயிருந்தது; ஹேண்டில் திரும்புவதற்காக ஃபிரேமின் கழுத்தில் இருக்கும் கிண்ணங்களும் குண்டுகளும்தான் அது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பேரனைப் பின்னால் கேரியரில் உட்காரவைத்து, முன்சக்கரம் தரையில் படாமல் ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினேன். நேர்நிலைக்கு வந்ததும் அது பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றுகொண்டது. காரணம் எளியது. வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. ரோட்டுப் பள்ளங்களின் அடி முழுவதையும் அதே குண்டுகள் அதே இடத்தில் வாங்கி வாங்கி, கிண்ணத்தில் குழி விழுந்துவிடுகிறது. போன தீபாவளிக்கு வேறொரு கடையில் கோன் செட்டின் நட்டை இறுக்கிக் கொடுத்ததோடு நோய் தீர்ந்தது என்று நான் நம்பியிருந்தேன். குழி விழுந்தபின் இறுக்கினால் நடுவில் ஆட்டம் நிற்கும். ஆனால் ஹேண்டிலைத் திருப்பினால் குண்டு குழியிலிருந்து மேட்டில் ஏறிச் சிக்கிக்கொள்ளும். மெதுவாகப் போகும்போது வண்டி குடித்தவன்போல் அலையும். நானோ அதற்கு என் வயதைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

கோன் செட்டை மாற்றியாயிற்று, பிரேக் பிடித்தால் வரும் சத்தம் போயிற்று. ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் இன்னொரு ‘டொக்’ மிச்சமிருந்தது. முதல் சத்தத்துக்குப் பின்னால் இது ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. சக்கரம் தொங்கி ஃபோர்க் முழுதாக நீளும் நேரத்தில் உள்ளே எண்ணெய் போதுமான அளவு இருந்தால்தான் அந்த நீட்சி மெத்தென்று முடியும். இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் மோதும். பாய் ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் கழற்றிக் கவிழ்க்கச் சொன்னார். பேரனின் பழைய பால் புட்டியில் அளந்தோம். வலப்பக்கம் 110 மில்லி, இடப்பக்கம் 40 மில்லி, அதுவும் மைபோல் கறுத்து.

அந்த 70 மில்லி எங்கே போயிற்று என்று கேள். வண்டியைத் துடைக்கும் என் பனியன் துணிக்குள் போயிற்று.

ஆமாம், சுந்தரம். 1991-இலிருந்து நீ கேலி செய்துவருகிறாயே, அதே துணிதான். எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் இடப்பக்க ஆயில் சீல் மெல்லக் கசிந்து, குழாயில் ஈரமாக ஒரு வளையம் இட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதில் புழுதி ஒட்டியிருந்தால் குருடனுக்கும் தெரிந்திருக்கும். நானோ நாள்தோறும் காலையில் அதைப் பளபளவென்று துடைத்து, அழுக்கு போயிற்று என்று மகிழ்ந்து, காபி குடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். “வண்டி இவ்வளவு சுத்தமாக இருந்தால் எனக்கு எப்படிங்க தெரியும்” என்று பாயின் மகன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. சீல் போனதற்குக் காரணம் குழாயில் இருந்த கடுகளவு துருப்புள்ளி. நகத்தால் மேலிருந்து கீழே வருடியபோது ஓரிடத்தில் தட்டியது. அதை நைசான உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்யாமல் புதுச் சீல் போட்டிருந்தால் அதையும் ஒரே மாதத்தில் அறுத்திருக்கும்.

வேடிக்கையாக எழுதிவிட்டேனே தவிர, இன்னொன்றை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பங்குனியில் ஒரு மாலை, திருமங்கலம் சாலையில், பின்னால் செல்வி உட்கார்ந்திருக்க, குறுக்கே வந்த ஆட்டுக்காகப் பிரேக் பிடித்தேன். முன்பக்கம் மடங்கியதுபோல் அமுங்கி, ஹேண்டில் என் கையைவிட்டு ஒரு பக்கமாக இழுத்தது. விழவில்லை, அவ்வளவுதான். அவள் பூ வாங்க மறந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். நான் வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. அன்றே பாயிடம் போயிருக்க வேண்டியவன் அதற்குப் பின்னும் மூன்று வாரம் ஓட்டினேன். நீ அப்படிச் செய்யாதே. சுவரில் முட்டித் தள்ளிப் பார்த்துச் சத்தம் வருமானால், அதைச் சரிசெய்யும்வரை கமலாவைப் பின்னால் ஏற்றாதே.

எண்ணெய் ஊற்றும்போது அருகிலேயே நின்றுகொள். கண்ணளவில் ஊற்றிவிட்டு இரண்டும் சமம் என்பார்கள். புட்டியில் அளந்து ஊற்றச் சொல். கடையில் கிடக்கும் எஞ்சின் ஆயிலை ஊற்ற விடாதே, அதனால் முன்பக்கம் விறைத்துக்கொள்ளும். சக்கரத்தை மாட்டியபின் ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கிவிட்டுப் பிறகு கடைசி நட்டை முறுக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு கால்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே நிற்கும்.

பாய் இரண்டு சீல்களும் ஒரு கோன் செட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். நாளை காலைப் பேருந்தில் பார்சலாக அனுப்புகிறேன். அவை வந்து சேரும்வரை உன் வண்டியின் ஃபோர்க்கைத் துடைக்காமல் வை. ஒரு வாரம் கழித்து அதில் எந்தப் பக்கம் புழுதி ஒட்டியிருக்கிறது என்று எனக்கு எழுது.

உன்,
ராமு