வன்னியில் முகநூல் பக்கம் நடத்தும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமார், தங்கச்சிமாருக்கு,

நீதிமன்ற வாசலுக்கு எதிர்ப்பக்கம் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். சத்தியக் கடதாசி ரைப் பண்ணுவது, வழக்குக் கடதாசிகளுக்குப் பிரதி எடுப்பது, தவணைக்கு வந்த சனத்துக்குத் தண்ணீர்ப் போத்தல் விற்பது, இதுதான் பிழைப்பு. உங்களில் சிலரை முகம் பார்த்தாலே தெரியும். மதில் கரையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். சார்ஜ் போடக் கேட்டு என் கடைக்கு வந்தவர்களும் இருக்கிறீர்கள். அந்த உரிமையில், வழக்குகளைப் பற்றி நீங்கள் போடும் பதிவுகள் குறித்து எழுதுகிறேன், கோவிக்க வேண்டாம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியன். தெருவில் போன வயதான அம்மா ஒருவரின் சங்கிலியை அறுத்ததாகச் சந்தேகத்தில் பிடித்தார்கள். பொலிஸ் வாகனத்திலிருந்து இறக்கும்போது அவன் தலைக்கு மேலே சேர்ட்டைப் போட்டு மூடித்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வெட்கத்துக்கு மூடுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அடையாள அணிவகுப்பு இருக்கிறது, அதற்காக மூடுவது. அதே வயதும் தோற்றமுமான ஆட்களுக்கு நடுவில் அவனை நிறுத்தி, நீதவானுக்கு முன்னால் அந்த அம்மா வந்து ஆளைக் காட்ட வேண்டும். அதுவரைக்கும் அவன் முகத்தை அவர் வேறு எங்கேயும் பார்த்திருக்கக் கூடாது. அணிவகுப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது.

சேர்ட் காற்றில் விலகிய ஒரு நொடி. அந்த நொடிதான் உங்களில் ஒருவருக்குக் கிடைத்தது. பின்னேரத்துக்குள் “சங்கிலித் திருடன் சிக்கினான்” என்று முழு முகத்தோடு பதிவு வந்துவிட்டது. கூடவே அவனுடைய பழைய பேஸ்புக் படம், சிவப்பு வட்டம் போட்டு. அந்த அம்மாவின் பேரனே போனைக் கொண்டுபோய் “அம்மம்மா, இவனோ?” என்று காட்டியிருக்கிறான். அணிவகுப்பில் அவர் நேரே போய் அவனைத்தான் தொட்டார். பொடியனுக்காக வந்த சட்டத்தரணி அந்தப் பதிவை என்னிடம்தான் பிரிண்ட் எடுத்தார். கலரில் இரண்டு பிரதி. அதற்குப் பிறகு அந்த அடையாளத்துக்கு என்ன பெறுமதி? வழக்கு நிற்கவில்லை.

அவன் எடுத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இனி ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. அம்மாவுக்குச் சங்கிலியும் இல்லை, தீர்ப்பும் இல்லை. பொடியனுக்கு விடுதலை இருக்கிறது, பெயர் இல்லை. கள்ளனைப் பிடிக்க உதவியதாக நினைத்த நீங்கள், அவன் கள்ளன் என்றால் அவனைத் தப்ப விட்டீர்கள். கள்ளன் இல்லை என்றால் ஒரு பிள்ளையைக் கெடுத்தீர்கள். இரண்டில் எது என்றாலும் கணக்கு உங்கள் பக்கம்தான்.

“நீதிபதி படித்தவர், பேஸ்புக் பார்த்தா தீர்ப்பு எழுதுவார்?” என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. இந்த நாட்டில் யூரி, அதாவது பொதுசனத்தில் இருந்து எடுத்த ஆட்களின் குழு, வைத்து விளங்கும் வழக்குகள் இப்போது அரிது, அநேகமாக நீதிபதி தனியாகத்தான் விளங்குகிறார். ஆனால் சாட்சி நீதிபதி இல்லையே. சாட்சி எங்கள் கடை வாங்கில் இருந்து போன் பார்க்கிற ஆள். தான் கண்டதையும் உங்கள் பதிவில் கண்டதையும் இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் ஏறிப் பிரித்துச் சொல்லு என்றால் அவர் எப்படிச் சொல்லுவார்?

2015 மே மாதம் யாழ்ப்பாணத்தில் நடந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். புங்குடுதீவு மாணவியின் கொலைக்குப் பிறகு சனம் கொதித்தது, 20 ஆம் திகதி நீதிமன்றக் கட்டடத்துக்கே கல் விழுந்தது. அந்தக் கோபம் பொய்யில்லை, எனக்கும் இருந்தது. மூன்று நீதிபதிகள் சேர்ந்திருந்து விளங்கி, 2017 செப்டெம்பர் 27 இல் தீர்ப்புச் சொன்னார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட ஒன்பது பேரில் ஏழு பேருக்கு மரண தண்டனை, இரண்டு பேர் விடுதலை. அந்த இரண்டு பேரைக் கல்லால் பிரித்தெடுத்திருக்க முடியாது.

சரி, அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லுகிறேனா? இல்லை. அதைச் சொல்லுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். “அது நீதிமன்றத்தில் இருக்கிற விசயம், கதைக்க ஏலாது” என்ற வசனம் கந்தோர்களில் கதவைச் சாத்துவதற்கு நல்ல வசதியான வசனம். வழக்கு இருக்கிற காணியில் வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கும், கதைதான் கூடாது.

முல்லைத்தீவில் விகாரைக் கட்டுமானத்தால் தகராறு வந்த குருந்தூர்மலையை எடுங்கள். புதிய கட்டுமானம் கூடாது என்று 2022 இல் முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகும் மேலே வேலை நடந்ததைப் படம் பிடித்துக் காட்டியது சனம்தான். அதே மாவட்டத்து நீராவியடியில் 2019 செப்டெம்பரில், பிள்ளையார் கோயில் வளவில் பிக்குவின் உடலை எரிக்க வேண்டாம் என்ற கட்டளை இருக்கத்தக்கதாகவே அங்கே எரித்தார்கள். அன்று போன்கள் இல்லாவிட்டால் அதை யார் நம்பியிருப்பார்கள்? அப்புறம் 2023. குருந்தூர்மலை வழக்கைப் பார்த்த முல்லைத்தீவு நீதிபதியைப் பாராளுமன்றத்தில் நின்று எம்பி சரத் வீரசேகர தாக்கிப் பேசினார். பாராளுமன்றப் பேச்சுக்குச் சிறப்புரிமை இருக்கிறது, வழக்கு வராது. செப்டெம்பரில் அந்த நீதிபதி, உயிரச்சுறுத்தல், மன அழுத்தம் என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு நாட்டை விட்டே போனார். அதைப் பற்றி நாங்கள் கதைக்காமல் யார் கதைப்பது?

ஆகவே கதையுங்கள். திறந்த நீதிமன்றத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுவதற்குச் சட்டமும் இடம் விடுகிறது. நீதிமன்ற அவமதிப்புக்கென்று 2024 இல் வந்த 8 ஆம் இலக்கச் சட்டத்திலும் நேர்மையான, சரியான அறிக்கையிடலுக்கு இடம் இருக்கிறது. அதை நம்பி நீதிபதிமார் எல்லாம் இப்படித்தான் என்று மொத்தமாகத் திட்டிப் பதிவு போட வேண்டாம். நீதிபதிகளிலும் சட்டத்தரணிகளிலும் பெரும்பாலானோர் ஊழல்காரர் என்று சொன்னதற்காக நடிகரும் அரசியல்வாதியுமான ரஞ்சன் ராமநாயக்கவுக்கு 2021 ஜனவரியில் நான்கு வருடக் கடூழியச் சிறை கிடைத்தது. அவருக்குப் பின்னால் ரசிகர் கூட்டம் இருந்தது. உங்களுக்குப் பின்னால் நான்தான் இருப்பேன், பிணை மனு ரைப் பண்ண.

மனிதப் புதைகுழி விசயத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறேன். முல்லைத்தீவுக் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் கடைசியில் தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டும்போது எலும்பு வந்தது. அடுத்த வருட ஜூலையில் அகழ்வு முடியும்போது 52 பேருடைய எச்சங்கள். அந்த நாட்களில், காணாமல் போன பிள்ளையைத் தேடும் ஒரு தாய் கடைக்கு வந்தார். போனில் உங்களில் யாரோ போட்ட படம்: சேறு பிடித்த துணித் துண்டு ஒன்று. “இதைப் பெரிசாக்கித் தா மேனே” என்றார். ஏ4 தாளில் எடுத்தேன். நிறம் காணாது என்றார். திரும்ப எடுத்தேன். துணிக் கரையில் இருந்த தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு அரை மணித்தியாலம் வாங்கில் இருந்தார். படத்துக்குக் கீழே “இது இன்ன படையணி, இன்ன நாள்” என்று ஆளுக்கு ஆள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மன்னாரில் சதொச என்ற அரச கடையின் வளவில் 300 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தபோதும் இப்படித்தான், போர்க்காலத்தவை என்று நாங்களே காலம் குறித்தோம். 2019 மார்ச்சில் அமெரிக்க ஆய்வுகூடம் கி.பி. 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்டவை என்றது. ஆறு மாதிரியில் அதைச் சொல்லலாமா என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நாங்கள் முதலே தீர்ப்புச் சொல்லி முடித்திருந்ததால், எங்கள் கேள்வியும் தோற்றவன் சாட்டாகத்தான் மற்றவர்களுக்குக் கேட்டது.

அந்தத் தாய்க்கு வேண்டியது, இன்றைக்கு எத்தனை எடுத்தார்கள், சட்ட வைத்திய அதிகாரி மன்றில் என்ன சொன்னார், அடுத்த தவணை எப்போது என்பவைதான். அதை எழுத உள்ளே போய்ப் பின்வாங்கில் இருந்து கேட்க வேண்டும். போனை நிறுத்திவிட்டுக் கொப்பியும் பேனையும் கொண்டு போங்கள், பேனை என்னிடம் இருக்கிறது. சந்தேகநபரைக் குற்றவாளி என்று எழுதாதேயுங்கள். பாலியல் வழக்கில் பெயரைப் போடவில்லை என்று சமாதானப்படுகிறீர்கள். அறுபது குடும்பம் இருக்கிற ஊரின் பெயரையும் பிள்ளையின் வயதையும் போட்டால் பெயர் எதற்கு? நீங்கள் மறைத்தாலும் கொமென்டில் ஒருவர் வந்து பள்ளிக்கூடத்தைச் சொல்லுவார். அதை இரவோடு இரவாக அழிப்பதும் உங்கள் வேலைதான்.

அந்தப் பொடியனின் படம் இன்னும் உங்களில் ஒருவரின் பக்கத்தில் இருக்கிறது. கைது நடந்த அன்று போட்டீர்கள், விடுதலையான அன்று ஒன்றும் போடவில்லை. நீக்கச் சொல்லி அவனுடைய அம்மா சொல்லச் சொல்ல நான்தான் ரைப் பண்ணி, மன்றின் கட்டளைப் பிரதியும் சேர்த்து உங்கள் இன்பொக்ஸுக்கு அனுப்பினேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று காட்டுகிறது.

இப்படிக்கு,
எதிர்ப்பக்கக் கடைக்காரன்