பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

பாப்பா,

"நல்லா இருக்கியா" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்பா" என்று ஒரு வரி அனுப்புகிறாய், அதோடு சரி. அதனால் இன்றைக்கு நான் எதுவும் கேட்கப் போவதில்லை, சொல்லப் போகிறேன். தெம்பனிஸ் பஸ் இன்டர்சேஞ்சில் டிரைவர்கள் ஓய்வறையில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த பஸ் எடுக்க நாற்பது நிமிஷம் இருக்கிறது. முடியாவிட்டால் மிச்சத்தை ராத்திரி எழுதி அனுப்புகிறேன்.

வீட்டில் எல்லாரும் சுகம். தேசிய தினம் முடிந்தும் நம் புளோக்கில் கொடிகளை இன்னும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், தலைசுற்றல் இப்போது இல்லை. தம்பி அக்டோபரில் தேசிய சேவையை முடிக்கிறான். பெரியம்மா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, நவம்பர் கடைசியில், பெருமாள் கோயிலில். நீ வருவாய்தானே? வந்தால் தரையில் சம்மணம் போட வேண்டாம், நாற்காலி போடச் சொல்கிறேன், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நவம்பர் கடைசி என்றால் உன் முட்டி ஆபரேஷன் ஆகி எட்டரை மாதம். மார்ச் 14 ஆபரேஷன், டிசம்பர் 14 வந்தால்தான் ஒன்பது. கணக்கை அம்மா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

நீ இருக்கும் பெர்த்துக்கும் இங்கே சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். அங்கே எட்டு மணி என்றால் இங்கேயும் எட்டு. லண்டனில் இருக்கும் உன் மாமா மகன் வாரம் தவறாமல் வீடியோவில் வந்து முகம் காட்டுகிறான். குறையாகச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளோடு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுந்து களைத்துப் போய்த்தான் வீட்டுக்கு வருவாய், தெரியும். ஆனால் ஜூன் வரைக்கும் பேசும்போதெல்லாம் காலைக் காட்டுவாய். தழும்பின் வெளிப்பக்கம் தொட்டால் உணர்ச்சியே இல்லை என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினாய், ஐம்பது காசு அளவுக்கு இருந்தது. அம்மா தையல் டேப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தாளே, ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு தொடையையும் அளந்து சொல்வாய், இடது தொடை இரண்டு சென்டிமீட்டர் குறைவு, அப்புறம் ஒன்றரை என்று. அதையும் இப்போது சொல்வதில்லை. இப்போது முகம் மட்டும்தான் தெரிகிறது, அதுவும் விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

உன் பிசியோ கொடுத்த தாளை அம்மா நகல் எடுத்து வந்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் படித்துப் படித்து எனக்கு மனப்பாடம். முதல் இரண்டு வாரம் காலை முழுதாக நீட்ட வேண்டும், வீக்கம் வடிய வேண்டும். அப்புறம் சைக்கிள், படி ஏறுவது, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது. நேராக ஓடுவது அதற்கும் பிறகு. கடைசிப் பகுதியைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது, ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆட்டம் கிடையாது. ஒன்பது மாதம் ஆனாலும் போதாது, தொடையின் பலமும் ஒற்றைக் காலால் தாண்டும் தூரமும் மற்ற காலில் 90 விழுக்காடாவது இருக்க வேண்டும். நாள் போனால் மட்டும் போதாது, பலமும் வர வேண்டும். இரண்டும் வேண்டும் பாப்பா.

நம் புளோக் ஏழாவது மாடிப் பையனை உனக்கு ஞாபகம் இருக்கும், காற்பந்து ஆடுவானே. அவனுக்கும் ஏசிஎல்தான், முட்டியைப் பிடித்து வைக்கும் நார் அறுந்தது, அவனுக்கும் தொடைப் பின்னாலிருந்து தசைநார் எடுத்துத்தான் வைத்தார்கள். போன வாரம் காப்பிக்கடையில் பார்த்தேன், எதிரில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேட்டேன். வலி போய்விட்டது, வீக்கம் போய்விட்டது, ஓடவும் முடிந்தது, அதனால் ஆறாவது மாதமே இறங்கிவிட்டேன் அங்கிள் என்றான். மூன்றாவது ஆட்டத்தில் மறுபடி போய்விட்டது. வைத்த தசைநார் உள்ளே புதுசாக முட்டி நாராக மாறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், இடையில் கொஞ்ச காலம் வைத்த அன்று இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும், ஆனால் நமக்கு அது தெரியாது, வலிக்கவே வலிக்காது என்று சொன்னான். வலி இல்லாததுதான் அங்கிள் என்னை ஏமாற்றிவிட்டது என்றான். அந்தப் பையன் இதைச் சொல்லும்போது கையில் இருந்த தே தாரிக் டீ ஆறிப்போய்விட்டது. அவனுக்கு இப்போது இரண்டாவது ஆபரேஷனும் முடிந்து காலில் பிரேஸ்.

வலைப்பந்து வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். 2015ல் தென்கிழக்காசியப் போட்டியில் நம் பெண்கள் மலேசியாவை வென்று தங்கம் வாங்கியபோது கல்லாங்கில் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கத்தியவன் நான்தான். திரும்பி வரும்போது எம்ஆர்டி ரயிலில் நீ ஒன்றும் பேசவில்லை, கையை மட்டும் பந்து பிடிப்பது போல வைத்துக்கொண்டு வந்தாய். அப்போது உயர்நிலை இரண்டு. நீ பெர்த்துக்குப் போய் ஆறு மாதத்தில் அங்கத்திய கிளப்பில் இடம் பிடித்தபோது இந்த இன்டர்சேஞ்சில் ஒரு ஆள் விடாமல் சொன்னேன்.

ஆனால் இந்த ஆட்டம் எப்படிப்பட்டது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. பந்தைப் பிடித்தால் அப்படியே நின்றுவிட வேண்டும், அடி எடுத்து ஓட முடியாது. ஓடி வந்து எம்பிக் குதித்த வேகம் முழுவதையும் ஒரு முழங்கால் வாங்கிக்கொள்ள வேண்டும். பிப்ரவரியில் உன்னை யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை, இறங்கினேன், உள்ளே 'டப்' என்றது, அவ்வளவுதான் என்றாய். அங்கே ஆஸ்திரேலிய வலைப்பந்துச் சங்கமே முழங்காலைக் காப்பாற்றுவதற்கென்று தனியாக ஒரு வார்ம்அப் முறை வைத்திருக்கிறது என்று நீதான் சொன்னாய். அப்படி என்றால் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி ஆகியிருக்க வேண்டும். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இது அதிகம் என்றும் நீதான் சொன்னாய். எல்லாம் தெரிந்த பிள்ளை நீ. உனக்குச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை, ஒன்பது மாதம் என்பதைத் தவிர.

பஸ்ஸில் இப்போது யார் ஏறினாலும் அவர்கள் உட்காரும் வரை கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். போன வாரம் ஒரு பள்ளிப் பெண், கையில் ஊன்றுகோல், முழங்கால் வரை கட்டு. இருக்கையைப் பிடித்து, ஊன்றுகோலை மடியில் வைத்து, காலை மெதுவாக நீட்டி உட்கார்ந்து "ஓகே அங்கிள்" என்று அவளே சொல்லும் வரை நின்றேன். பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்தார். அடிக்கட்டும்.

அத்தை போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது போனில் ஒரு படம் காட்டினாள். உன்னோடு ஆடும் பெண் யாரோ போட்டிருக்கிறாள். மழை பெய்த கோர்ட், எல்லாரும் ஜாக்கெட்டில், பின்னால் ஒருத்தி ஆடும் இடத்தைக் காட்டும் 'டபிள்யூ டி' எழுத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள், முகம் பாதிதான் தெரிகிறது. போன வருஷத்துப் படமாக இருக்கும் என்று அத்தையிடம் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள். அம்மாவிடம் காட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். போன வருஷம் இடது முட்டியில் கறுப்பு உறை போட்டு ஆடினாயா என்று எனக்கு ஞாபகம் இல்லை. உங்கள் கிளப்புக்குச் செப்டம்பரில் இறுதிச் சுற்று என்று ஜூனில் ஒரு தடவை சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கேட்கப் போவதில்லை என்று சொன்னேன், கேட்கவும் இல்லை.

இதற்கு மேல் ராத்திரி எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள்.

ஆபரேஷனுக்கு முன்னால், டாக்டரைப் பார்க்கப் போனபோது போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தாய், நாங்களும் கேட்க வேண்டும் என்று. ஏசிஎல் முழுதாகப் போய்விட்டது, இது புதுசு, ஆனால் உள்பக்க ஜவ்வில் இருக்கும் கிழிசல் பழசு போலத் தெரிகிறது, இதற்கு முன்னால் இந்த முட்டியில் அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் இல்லை என்றாய். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் கையெல்லாம் ஜில்லிட்டுப் போனது.

2016, நீ உயர்நிலை மூன்று. செவ்வாய்க்கிழமை பயிற்சியில் முட்டி திருகிவிட்டது என்று நொண்டிக்கொண்டு வந்தாய். சாயங்காலத்துக்குள் முட்டிச் சில்லு எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது. கீழே கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அந்த டாக்டர் அழுத்திப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும், அதுவரை விளையாடக் கூடாது, கடிதம் தருகிறேன் என்றார். கடிதத்தையும் தந்தார். லிஃப்டில் ஏறியதும் நான் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. வெள்ளிக்கிழமை ஃபைனல், நீ கேப்டன், அது முடியட்டும் பாப்பா, அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ, அம்மாகிட்ட சொல்லாதே என்றேன்.

மறுநாள் ஒரு பாட்டியிடம் கூட்டிப் போய் எண்ணெய் போட்டு உருவி விட்டேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய், நகம் பதிந்தது, சத்தம் மட்டும் போடவில்லை. வெள்ளிக்கிழமை நானே பேண்டேஜ் சுற்றினேன். ஜெயித்தீர்கள். டாக்ஸி வரைக்கும் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன், நீ அழுதுகொண்டே சிரித்தாய். அந்தக் கோப்பை பிடித்த படம்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது, ஸ்கேன் போகவே இல்லை. கடிதத்தை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு உனக்குப் படியில் இறங்கும்போது சில நாள் முட்டி பிடித்துக்கொள்ளும், நின்று காலை ஒரு உதறு உதறிவிட்டு இறங்குவாய். நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட வா டாக்டரிடம் போகலாம் என்று சொல்லவில்லை, சொன்னால் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

ஆபரேஷனுக்கு அம்மா வந்து மூன்று வாரம் இருந்தாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். லீவு இருந்தது. அந்தக் காலைக் கட்டோடு பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்தப் படத்தில் இருப்பது நீயாக இருந்தால், வலியை மறைத்துக்கொண்டு கோர்ட்டில் இறங்குவதை யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று நான் கேட்கவே முடியாது. என்னைக் காப்பாற்றத்தான் அந்த டாக்டரிடம் இல்லை என்று சொன்னாய் என்றால், இனி வேண்டாம். அடுத்த தடவை போகும்போது பதினைந்து வயதில் அடிபட்டது, ஸ்கேன் எடுக்கவில்லை, மூன்றாம் நாளே ஆடினேன், அப்பா ஆட வைத்தார் என்று சொல்லிவிடு. அப்படியே சொல்லு. அம்மாவிடம் இன்று சாப்பிடும்போது நானே சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, கூடத்துப் படத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அவள் ஜெயித்தது என்றேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு உனக்காகப் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டியிருக்கிறாள். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலோடு நடப்பாள், பிரஷர் மாத்திரையோடு. என்ன சொன்னாலும் கேட்க மாட்டாள்.

செப்டம்பர் 4லிருந்து பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், கையெழுத்தும் ஆகிவிட்டது. டிக்கெட் நாளைக்குப் போடுகிறேன். நீ வேலைக்குப் போகும் நேரம் நான் சமைத்து வைக்கிறேன். உங்கள் கிளப் ஆட்டத்துக்கு ரெண்டு பேரும் போகலாம், ஓரமாக நாற்காலி போட்டு உட்காரலாம், எனக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது, உன் பழைய ஜாக்கெட் ஒன்று எடுத்து வை. அம்மா ஆட்டுக்கால் சூப் வைத்துத் தர வேண்டும் என்கிறாள், அங்கே விமான நிலையத்தில் விட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். முறுக்கு வரும்.

தையல் டேப் எங்கே இருக்கிறது என்று தேடி வை. ஞாயிற்றுக்கிழமை அளந்து எத்தனை என்று அனுப்பு, குறைந்திருந்தாலும் அனுப்பு.

அப்பா