எதிர்வீட்டு அக்காவுக்கும் உடன் நின்றவர்களுக்கும் நன்றி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

திரைக்கதையின் முழுப் பிரதியை நேற்று மாலை தயாரிப்பு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். அப்பாவும் இப்போது தாமாகவே எழுந்து நடக்கிறார். கடந்த மாதங்களில் எங்கள் வீடு எதைக் கடந்து வந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள்; அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. மனம் ஆறுவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. காவல் நிலையங்களில் வழக்குப் பதிவேடுகளை எழுதும் ரைட்டராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இரவுப் பணிக்குப் பழகிய உடம்பு என்பதால் இன்றும் நான்கு மணிக்கே விழித்துவிடுவார். பகலில் வேலை, மாலையில் அப்பா என்று ஆகிவிட்ட பின்பு எழுதுவதற்கென எனக்கு எஞ்சியது விடியற்காலை மட்டும்தான். அப்பாவுக்குத் துணை மிகவும் தேவைப்பட்டதும் அந்த நேரத்தில்தான். நான் கேட்காமலேயே ஒருநாள் கதவைத் தட்டி, "நீங்க போய் எழுதுங்க தம்பி, அப்பாவை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டார். அதன்பின் நாள்தோறும் வந்தார். த்ரில்லரை அரைமணி அரைமணியாகத் துண்டுபோட்டு எழுத இயலாது. எந்தப் பாத்திரத்துக்கு எந்த நேரத்தில் எது தெரியும் என்ற கணக்கு முழுவதையும் மனத்தில் வைத்திருந்தால்தான் அடுத்த காட்சி நகரும். நடுவில் ஒருமுறை எழுந்தாலும் அது கலைந்துவிடும். அக்கா எனக்குத் தந்தது கலையாத நேரம்.

கதைக்கு வேண்டிய விவரத்தையும் அவரே தந்தார். மணமாகி நான்கு ஆண்டுகளே ஆன ஒரு பெண் மாலையில் இறந்துகிடக்கிறாள், விடிவதற்குள் கணவன் வீட்டார் தடயத்தை மறைக்கப் பார்க்கிறார்கள் என்ற இடத்தில் கதை நின்றிருந்தது. அந்த இரவில் நடைமுறைப்படி என்ன நடக்கும் என்று கேட்டேன். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்குரிய முறையில் இறந்தால் போலீஸ் விசாரணையோடு முடியாது, கோட்டாட்சியரும் விசாரிக்க வேண்டும் என்றார். சூரியன் மறைந்த பின்பும் உடற்கூறாய்வு செய்யலாம் என 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது உண்மைதான். ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றில் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை எழுந்தாலன்றி அந்த அனுமதி செல்லாது. ஆகவே உடல் பிணவறையில் இருக்கும், எல்லோரும் காலைக்காகக் காத்திருப்பார்கள். அந்த ஓர் இரவுதான் இப்போது திரைக்கதையின் இரண்டாம் பாதி.

இதைவிடப் பெரிது அவர் கேட்ட ஒரு கேள்வி. காட்சி வரிசையைப் படித்து முடித்துவிட்டு, "அந்தப் புள்ளையோட அம்மா ராத்திரி பூரா எங்க இருக்காங்க?" என்றார். பிணவறை வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருந்த தாய்மார்களைப் பற்றி, தாம் கண்டபடியே, நெடுநேரம் பேசினார். அன்று நான் எதுவும் எழுதவில்லை. மறுநாள் முதல் கதையின் மையத்துக்கு அந்தத் தாய் வந்துவிட்டார். புலனாய்வு அதிகாரி கவனிக்கத் தவறும் ஒன்றை வாசலில் இருக்கும் அவரே பார்க்கிறார்.

உள்ளுறுப்பு மாதிரிகளை நிறைவுற்ற உப்புக் கரைசலில் வைப்பது ஏன், முத்திரையிட்ட ஜாடி யார் யார் கைமாறித் தடய அறிவியல் ஆய்வகத்தை அடைகிறது என்பதையெல்லாம் பொறுமையாக விளக்கிய மருத்துவ நண்பருக்கும், சந்தேக மரணங்களை விசாரிப்பது பற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவுக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு வந்திருப்பதைச் சுட்டி வசனங்களைச் சரிபார்த்துத் தந்த வழக்கறிஞர் தோழிக்கும், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பணியாளர்களுக்கும், எனக்காக முறை மாற்றிக்கொண்ட சக ஊழியர்களுக்கும், கதை விவாதத்துக்கு வீட்டுக்கே வந்த உதவி இயக்குநர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

படத்தின் நன்றி அட்டையில் தம் பெயர் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அதனால் இங்கே ஓர் உறுதி அளிக்கிறேன். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு எழுத நேரமின்றித் தவிக்கும் எவரும் என்னை அழைக்கலாம். அவர்கள் எழுதும் நேரத்தில் நான் நோயாளியின் அருகில் இருப்பேன். இனி எழுதும் எந்தக் கதையிலும், இறந்தவருக்காகக் காத்திருப்பவர் யார் என்று தீர்மானித்த பிறகே குற்றவாளி யார் என்று யோசிக்கத் தொடங்குவேன்.

நன்றியுடன்,
வளசரவாக்கத்திலிருந்து