சோயா மாவு விஷயமாக

திண்டுக்கல்,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. பச்சை சோயாவை மில்லில் அரைத்துப் பாலில் கலக்கிக் குடிக்கிறேன், வயிறு உப்புகிறது என்று நேற்று சொன்னாயே, அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நான் விலங்கியல் லேபில் எலி அறுத்துக் காட்டிய காலத்தில், கணையத்தைப் பாதிப் பிள்ளைகள் கொழுப்பு என்று நினைத்துப் பிய்த்துப் போட்டுவிடுவார்கள். குடல் வளைவில் வெளிறிய இளஞ்சிவப்பில், கிழிந்த துணி மாதிரி பரவிக் கிடக்கும். பார்க்கத்தான் அப்படி. நமக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் சாறு சுரக்கிறது அது. அந்தச் சாற்றில் இருக்கும், சாப்பாட்டை உடைத்துச் செரிக்க வைக்கும் நொதிகள் எல்லாமே புரதம். முட்டையையோ பருப்பையோ செரிக்க வேண்டுமென்றால், முதலில் உன் கையிருப்பு அமினோ அமிலத்தை, அதாவது புரதம் கட்டும் துண்டுகளைப் போட்டு நொதி செய்தாக வேண்டும். முதல் போடாத வியாபாரம் உண்டா?

இதில் லூசின் என்ற அமினோ அமிலம் இரண்டு வேலை பார்க்கிறது. கட்டடத்துக்குச் செங்கல்லும் அதுதான், "வேலையை ஆரம்பிங்கப்பா" என்று குரல் கொடுக்கும் மேஸ்திரியும் அதுதான். எலிகளுக்குப் புரதம் கூடிய தீனி சில நாள் கொடுத்தால் கணையம் புரதம் உடைக்கும் நொதிகளைக் கூட்டிச் செய்கிறது. மாவுச்சத்து கூடினால் அதை உடைக்கும் அமிலேஸ் என்ற நொதியைக் கூட்டுகிறது. புரதமே கிடைக்காமல் உடம்பு வீங்கிப்போன குழந்தைகளுக்கோ கணையம் சுருங்கி நொதி குறைந்துவிடும். பால் கொடுத்துத் தேற்றினால் மறுபடி சுரக்கும்.

உன் சோயாவுக்கு வருகிறேன். 1917-லேயே அமெரிக்காவில் ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இருவர் பார்த்துவிட்டார்கள்: பச்சை சோயா தின்ற எலி சரியாக வளரவில்லை, வேகவைத்த சோயா தின்ற எலி வளர்ந்தது. கணையம் செய்யும் நொதிகளில் புரதத்தை உடைப்பது டிரிப்சின். பச்சைச் சோயாவில் அதைப் பிடித்துக் கட்டிப்போடும் ஒரு புரதம் இருக்கிறது. டிரிப்சின் போதவில்லை என்று குடல் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை விட, கணையம் இன்னும் இன்னும் நொதி செய்து தள்ளுகிறது. எலிக்கும் கோழிக்குஞ்சுக்கும் கணையமே பருத்துவிடும். நாய்க்கும் பன்றிக்கும் அப்படிப் பருப்பதில்லை. அதனால் உனக்கும் பருத்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் கட்டுண்ட டிரிப்சின் மலத்தோடு போகும்போது கந்தகம் உள்ள அமினோ அமிலங்களும் சேர்ந்து போகின்றன. சோயாவில் ஏற்கெனவே குறைச்சலாக இருப்பதும் அதே கந்தகச் சரக்குதான். உடம்பு ஏற்ற வேண்டும் என்று குடித்துவிட்டு, கையில் இருந்ததையும் விடுகிறாய்.

நேற்று ராத்திரி நானே ஒரு கைப்பிடி சோயா ஊறப்போட்டேன். காலையில் பயறு இரண்டு மடங்கு ஊதி, தோல் மிதந்தது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வைத்தேன். பாதிக்கு மேல் நிரப்பாதே, நுரை பொங்கி விசிலை அடைத்துக்கொள்ளும். எனக்கு அடுப்பெல்லாம் வழிந்து, உங்க அப்பா ஒரு பாட்டம் சிரித்து முடித்தார். நசுக்கினால் மாவாக உடைய வேண்டும், அதுதான் பதம். மாவை வெறும் சட்டியில் வறுத்தால் ஆயிற்று என்று நினைக்காதே. டிரிப்சினைக் கட்டிப்போடும் அந்தப் புரதம் ஈரச் சூட்டுக்குத்தான் நன்றாக அடங்கும். மிச்ச மாவைக் கொட்டிவிடாமல் தண்ணீரில் கரைத்து இருபது நிமிஷம் கஞ்சியாகக் காய்ச்சு. இதெல்லாம் முடியவில்லையென்றால் மீல் மேக்கர் வாங்கிக்கொள், அது சூட்டில் பக்குவமாகி வருவதுதான்.

எள்ளுப் பொடி இடித்து வைத்திருக்கிறேன். சோயாவில் குறைகிற மெத்தியோனின் என்ற கந்தக அமினோ அமிலம் எள்ளில் தாராளம். புதன்கிழமை கூரியரில் போடுகிறேன், இட்லிக்குத் தொட்டுக்கொள். வேகவைத்துச் சாப்பிட்டும் உப்பசம் நிற்கவில்லையென்றால் டாக்டரிடம் போ, ஜிம் பையனிடம் போகாதே.

அன்புடன்,
அம்மா

டப்பாவைத் திருப்பி எடுத்து வா. போன தடவை அனுப்பிய மூன்றும் இன்னும் வரவில்லை.